வேரில் மாவு இருக்கிறதா

எங்கள் சபையின் ஆண்டு மலருக்குக் "கனி கொடுக்கும் வாழ்க்கை" என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். முதல் முறை கண்ணில் புரை என்றேன். இரண்டாம் முறை முதுகு வலி என்றேன். மூன்றாம் முறை அவர் பேச்சே கொடுக்காமல் தாளையும் பேனாவையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கண்ணும் முதுகும் நன்றாகத்தான் இருக்கின்றன. எனக்குப் பயம், அவ்வளவுதான். இந்தத் தலைப்பில் நான் எத்தனையோ ஞாயிறு பேசியிருக்கிறேன். அதில் ஒரு வரியையும் இங்கே எழுதப் போவதில்லை. பேசாமல் விட்ட ஒன்றை எழுதுகிறேன். அச்சில் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர் பாடு.

ஓய்வு பெற்று இங்கே கேமரன் மலையில், ரிங்லெட்டில், மகள் வீட்டோடு வந்து சேர்வதற்கு முன் நான் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்துக் கங்காணி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேயிலைச் செடியைப் பறித்துக்கொண்டே இருந்தால் நாலைந்து வருஷத்தில் அது முட்டியும் முடிச்சுமாய்த் தளர்ந்துபோகும். அப்போது முழங்கால் உயரத்துக்கு வெட்டி, ஓர் இலை இல்லாமல் மொட்டையாக நிறுத்த வேண்டும். அதுதான் கவ்வாத்து. அந்த மொட்டைக் கட்டையிலிருந்து துளிர் வந்தால் மறுபடி நாலைந்து வருஷத்துக்கு நல்ல கொழுந்து. கியா பார்முக்கு ஸ்ட்ராபெரி வாங்கப் போகிற வெளியூர்க்காரர்கள் வெட்டிய மலையைப் பார்த்துவிட்டுக் காரை நிறுத்தி, தீப்பிடித்துவிட்டதா என்று எங்களைக் கேட்பார்கள். பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

பதினேழு வயதில் கத்தியோடு மலையேறினேன். முதல் பத்து வருஷத்தைப் பத்து வரி இழுக்க வேண்டாம். வெட்டினேன், கை கிழிந்தது, மறுபடி வெட்டினேன். வெட்டு சாய்வாக விழ வேண்டும், மழைத் தண்ணீர் அதில் நிற்கக் கூடாது, பட்டை பிளக்கக் கூடாது. பாடம் இவ்வளவுதான், கைக்கு வர அத்தனை வருஷம் பிடித்தது. பிறகு கங்காணியானேன். சபையிலும் மூப்பராக்கினார்கள். தாப்பாவிலிருந்து பாஸ்டர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் மேலே வருவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் என் தலையில் விழுந்தது.

நான் வருத்தப்படவில்லை. உள்ளதைச் சொன்னால், வாய் நிறையப் பேசுவேன். வேதத்தில் திராட்சைக் கொடியும், கனி கொடுக்கிற கிளையைத் தோட்டக்காரர் இன்னும் கனி கொடுப்பதற்காக நறுக்குவதும் வருகிற இடம் எனக்கு வெல்லம். இந்த வேலை எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தால் சபையே நிமிர்ந்து உட்காரும். என் மனைவி எஸ்தர் மட்டும் சிரிப்பாள். அவள் சிரிப்பதற்குக் காரணம் உண்டு. தேயிலையில் பூவும் காயும் வந்தால் எங்களுக்குத் திட்டு விழும். வயிறு காய்ந்த செடிதான் பூத்துக் காய்க்கும், நன்றாக இருக்கிற செடி இலைதான் விடும். "மலையில காய் புடிக்கக் கூடாதுன்னு காவல் நிக்கிறீங்க, கோயில்ல வந்து கனி கொடு, கனி கொடுன்னு எங்களப் போட்டு வெரட்டுறீங்க," என்பாள்.

வெட்டுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்தக் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பதால் பொறுமையாகச் சொல்கிறேன். வெட்டிய செடிக்கு இலை கிடையாது. இலை இல்லாமல் அது தனக்குச் சாப்பாடு செய்துகொள்ள முடியாது. வேரில் சேர்த்து வைத்திருக்கிற மாவைத் தின்றுதான் துளிர் விட வேண்டும். மாவு இல்லாத செடியை வெட்டினால் அது சத்தமில்லாமல் செத்துப்போகும். ஆகவே முதலில் வேரைப் பார்க்க வேண்டும். ஒரு மலைக்கு இருபது செடி. அடிவாரத்தில் சில, நடுவில் சில, மேட்டில் சில. செடியின் ஓரமாக மண்ணைத் தோண்டி, பென்சில் கனத்தில் ஒரு வேரை வெட்டி, கழுவி, குறுக்கே சீவி, அயோடின் மருந்தில் முக்கி எடுத்து ஐந்து நிமிஷம் வைக்க வேண்டும். கறுத்தால் மாவு இருக்கிறது, வெட்டலாம். மஞ்சளாகவே கிடந்தால் அந்த மலையை ஆறு வாரமாவது பறிக்காமல் விட்டு, செடி தேறிய பிறகுதான் கத்தி வைக்கலாம். இருபது வேரின் நிறத்தையும் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவன் கங்காணி.

அந்தப் புத்தகத்தைப் பார்க்கிறவர் பெரிய துரை கமால். மானேஜரை நாங்கள் இன்றைக்கும் துரை என்றுதான் சொல்கிறோம். மலாய்க்காரர், சின்ன வயதில் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார். ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. சத்தம் போடுகிற துரைமாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நின்றால் போதும். கமால் துரையிடம் அது நடக்காது. ஒரு கேள்வியை ஒரே ஒரு முறை கேட்பார். நாம் சொல்கிற பதிலை நம் முன்னாலேயே எழுதுவார். எழுதியதை நமக்கே வாசித்துக் காட்டிவிட்டு, "பெத்துல்?" என்பார். மலாயில் அதற்குச் சரிதானா என்று அர்த்தம். நாமும் "பெத்துல்" என்று சொன்ன பிறகுதான் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைப்பார். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் பெரிய வாய்க்காரர்களுக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருந்தபோது ஏழாம் நம்பர் மலை கவ்வாத்துக்கு வந்தது. அதே வாரம் ஈப்போவில் பல சபைகள் கூடுகிற ஒரு கன்வென்ஷன். தோட்டத்து ஆள் ஒருவனை முதல் தடவையாகப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், அது நான். தலைப்பு, நீங்கள் நினைக்கிறதுதான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. புதுச் சட்டை தைக்கக் கொடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்று கையை எப்படி உயர்த்துவது என்று பார்த்துக்கொண்டேன்.

வேர் பார்க்க வேண்டிய காலையில் நான் அடிவாரத்து ரோட்டோரமாக ஆறு செடியைத் தோண்டினேன். ரோட்டோரத்துச் செடிக்கு என்ன குறை? மேலே போட்ட உரமெல்லாம் மழையில் கரைந்து அதன் காலடிக்குத்தான் வந்து சேரும். ஆறு வேரும் நன்றாகக் கறுத்தன. மேடு ஏற முக்கால் மணி நேரம் ஆகும். பிரசங்கக் குறிப்பு வீட்டில் பாதியில் கிடந்தது.

அப்போது முருகையா மேட்டிலிருந்து இறங்கி வந்தான். வெட்டுக் கோஷ்டிக்குத் தலையாள் அவன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், கவ்வாத்து மெஷினைத் தோட்டத்தில் முதலில் பழகியவன், மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீச்சட்டி எடுத்து முன்னால் போகிறவன்.

"அண்ணே, மேல பூத்துக் கெடக்குது, பாத்தீங்களா? காய்கூடப் புடிச்சிருக்கு. மேட்டுச் செடிய ஒரு தடவ தோண்டிப் பாத்துருங்க லா."

"பாத்தாச்சு, பாத்தாச்சு. நாளைக்கு மெஷின ஏத்து."

"மேலயும் பாத்துட்டீங்களா?"

"நீ கங்காணியா, நான் கங்காணியா?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்து, பெட்ரோல் டாங்கிமேல் புத்தகத்தை வைத்து, பார்க்காத பதினான்கு செடிக்கும் சேர்த்துக் கறுப்பு, கறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

ஈப்போவில் நன்றாகவே பேசினேன். கத்தி நம்மேல் விழும்போது ஓடக் கூடாது என்றேன். பல பேர் அழுதார்கள். முடிந்ததும் வரிசையில் நின்று கைகொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது நானே ஒரு கனி மரம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஏழாம் நம்பரை முருகையாவின் ஆட்கள் வெட்டி முடித்தார்கள். நம் குளிரில் துளிர் வர எட்டு வாரம் ஆகும். எட்டாம் வாரம் அடிவாரத்தில் கட்டையெல்லாம் சிவப்பும் பச்சையுமாய் முளை விட்டது. பாதி மலைவரைக்கும் பார்த்துக்கொண்டே ஏறினேன், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மேட்டில் வெயில் கம்மி, தாமதமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தாம் வாரம் தனியாக ஏறிப் போய் ஒரு கட்டையின் பட்டையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சையாக, ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த தவிட்டு நிறத்தில் இருந்தது. அடுத்த செடியைச் சுரண்டினேன். அதற்கடுத்ததை. ஒரு வரிசை முழுவதும் சுரண்டிக்கொண்டே போனேன், நகக்கண்ணில் இரத்தம் வந்தது. மேடு முழுக்கச் செத்துக் கிடந்தது. அங்கேயே குந்தி உட்கார்ந்து, கர்த்தாவே, துரை இந்தப் பக்கம் வரக் கூடாது என்று ஜெபித்தேன். ஜெபம் என்றா சொல்வது? பயத்தில் உளறினேன்.

துரை வந்து பார்த்துவிட்டார். மறுநாள் என்னையும் முருகையாவையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்.

"ஏழாம் நம்பர் மேடு செத்துப்போச்சு. கங்காணி, வேர் பாத்தீங்களா?"

"பாத்தேன் துரை."

எழுதினார். வாசித்தார். "இருபது செடி பாத்தேன், எல்லாம் கறுப்பு. பெத்துல்?"

"பெத்துல்."

பேனாவை மூடவில்லை. முருகையா பக்கம் திரும்பினார். "வேர் சரின்னா வெட்டுதான் தப்பு. மெஷின் பிளேடு மழுங்கிப் பட்டையப் பொளந்துச்சா?"

"இல்ல துரை. புது பிளேடு போட்டுத்தான் ஏத்துனேன்."

அதையும் எழுதி வாசித்தார். அவனும் "பெத்துல்" என்றான். இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டில் ஒன்று பொய் என்பது அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

"கங்காணி சர்ச்சுல நின்னு பேசுறவரு. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்றார் துரை. முருகையாவை அந்த மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நிறுத்தினார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ண வேண்டும்.

முருகையா என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிறவன் மாதிரிப் பார்த்தான். நான் சுவரில் மாட்டியிருந்த மழை அளவு அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஞாயிறு பாஸ்டர் வந்தார், திருவிருந்து. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அயலானோடு கணக்குத் தீராதவன், மனசாட்சி குத்துகிறவன், பந்திக்கு முன்னால் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவான். தகுதியில்லாமல் பாத்திரத்தில் பானம்பண்ணுகிறவன் தனக்கே தண்டனையைக் குடிக்கிறான் என்று சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்கு முந்தின வருஷம் குடித்துவிட்டுச் சண்டை போட்ட ஒரு சகோதரரை, "இந்த மாசம் நீங்க வர வேண்டாம்," என்று பெஞ்சில் உட்கார வைத்ததே நான்தான். அவர் அதற்குப் பிறகு முன்னால் வரவேயில்லை, கடைசி பெஞ்சோடு நின்றுவிட்டார். இப்போது மூப்பர் என்பதால் பாத்திரத்தைக் கையில் ஏந்தி நிற்கிறவனும் நான். உட்கார்ந்தால் ஏன் என்று கேட்பார்கள். உட்காரவில்லை. வெள்ளைத் துணிமேல் திராட்சரசம் சிந்தியது. பாஸ்டர் என் கையைப் பார்த்தார். கடைசியாக நானும் குடித்தேன். தொண்டையில் இறங்கும்போதே செத்து விழுவேன் என்று நினைத்தேன். சாகவில்லை. அது இன்னும் பெரிய பயமாகப் போய்விட்டது.

அந்த நாட்களில் தேவனிடம் நான் மன்னிப்புக் கேட்காத நேரமில்லை. தேவனிடம் கேட்பது சுலபமாக இருந்தது. அவர் எழுதி, வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்பதில்லை. அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று ஆவியின் கனிகளை மேடையில் விரல்விட்டு எண்ணுவேனே, அந்த ஒன்பதில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இருந்ததெல்லாம் பயம். துரையிடம் பயம், வீடு போய்விடும் என்ற பயம், சபையில் தலைகுனிய வேண்டுமே என்ற பயம். உள்ளே இருந்த மாவு எல்லாம் எப்போதோ தீர்ந்துபோய், வெறும் பேச்சில் பூத்துக் கிடந்திருக்கிறேன். அந்த மேட்டுச் செடி மாதிரிதான் நானும் என்று அப்போதுதான் புரிந்தது.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது எஸ்தர் முருகையா வீட்டுக்குப் போய் அவன் மனைவி செல்வியைப் பார்த்துவிட்டு வந்தாள். சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கீழ லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குக்குப் போறாங்களாம். செல்வியோட அண்ணன் அங்க காய்கறித் தோட்டத்துல இருக்காராம், ஆத்தோரமா ஒரு கொட்டகை தர்றாங்களாம். அணையத் தொறந்துவுட்டு சேறு வெள்ளமா வந்தப்ப செல்வி அங்கதான் இருந்துச்சு. இன்னமும் மழ பேஞ்சா ஒக்காந்துக்கிட்டே தூங்கும். அங்க போவ மாட்டேன்னு அழுவுது. நீங்க ஏங்க சாப்பிடல?"

சொல்லிவிட்டேன். ஆறு செடி, பதினான்கு கறுப்பு, எல்லாவற்றையும். முதலில் எஸ்தரும் எங்கள் வீட்டைப் பற்றித்தான் கேட்டாள்.

"அப்ப நம்மளயும் வெளியாக்கிருவாங்களா?"

"ஆக்கலாம்."

"எங்கங்க போறது?"

"தெரியல."

தட்டில் இருந்த சோற்றை மூடி வைத்தாள். பிறகு எழுந்து என் மழைக்கோட்டை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தாள். "எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஒங்களுக்கும் பயமாத்தான் இருக்கும். பயந்துக்கிட்டே போங்க."

முருகையா வீட்டு வாசலில் அலமாரியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். செல்வி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"நான் மேடு ஏறலன்னு ஒனக்குத் தெரியும். ஏன்டா துரைகிட்ட சொல்லல?"

"சொன்னா? கங்காணி சொல்ல விட்டுட்டு எஞ்சொல்ல எடுப்பாங்களா?" கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டான். "அதோட, நீங்க சாமி புள்ள. நீங்களே சொல்லிருவீங்கன்னு இருந்தேன் அண்ணே. ஒரு நாளு பாத்தேன். ரெண்டு நாளு பாத்தேன். கட்டையில தளிர் வருதா வருதான்னு பாப்போம்ல, அப்படிப் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பறம் லோரிக்குச் சொல்லிட்டேன்."

"இப்ப சொல்லப் போறேன். வா, மோட்டார்ல ஏறு."

"லோரி வந்துரும்."

"வரட்டும். ஏறு."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஆபீஸ் படி ஏறினேன். துரை ஃபைல் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லாமலே திரும்பியிருப்பேன்.

"துரை, நான் சொன்னது பொய். முருகையா மேல தப்பில்ல."

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து புத்தகத்தையும் அந்தத் தாளையும் எடுத்து வந்தார். பேனாவைத் திறந்தார்.

"எத்தன செடி பாத்தீங்க?"

"ஆறு."

"எங்க?"

"ரோட்டோரம்."

"மேட்டுல?"

"ஒன்னுகூட இல்ல."

பழைய வரிமேல் ஒரே ஒரு கோடு போட்டார். அடியில் புதிதாக எழுதி வாசித்தார். "ஆறு செடி பாத்தேன். பதினாலு செடி பாக்காம எழுதுனேன். பெத்துல்?"

அது முழு உண்மையில்லை. அதோடு நிறுத்தியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், முருகையாகூட. "இன்னொன்னும் எழுதுங்க துரை," என்றேன். "மேல பூத்துக் கெடக்குது, பாருங்கன்னு முருகையா முன்னாடியே சொன்னான். நான்தான் அவன அடக்கிட்டேன்."

அதையும் எழுதி, முதலிலிருந்து முழுவதும் வாசித்து, "பெத்துல்?" என்றார். "பெத்துல்," என்றேன். அனுமதி கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

துரை என்னைப் பார்க்கவில்லை, முருகையாவைப் பார்த்தார். "ஒன் சாமானெல்லாம் எறக்கு. நான் இவர நம்பி ஒன்ன வீட்ட விட்டு அனுப்பப் பாத்தேன். மாஃப், மன்னிச்சுக்க." பிறகு என்னிடம், "ஒங்களுக்கு வேல இருக்கும். கையெழுத்து இருக்காது. இனிமே வேர நீங்க தோண்டுங்க, முக்கி எடுங்க. நெறத்த முருகையா பாப்பான். அவன்தான் எழுதுவான், அவன்தான் கையெழுத்து," என்றார்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று சொன்னேன். மூப்பர் பொறுப்பை விட்டேன். அடுத்த திருவிருந்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நான் உட்கார வைத்த அந்தச் சகோதரர் அங்கே இருந்தார். நகர்ந்து இடம் விட்டார். பாஸ்டர் என்னை மறுபடி பந்திக்குக் கூப்பிட ஐந்து மாதம் ஆயிற்று. அன்று நான் அந்தச் சகோதரர் கையையும் பிடித்து எழுப்பிக்கொண்டுதான் முன்னால் போனேன். பிரசங்கத்துக்கு யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

ஏழாம் நம்பர் மேட்டில் செத்த கட்டைகளைப் பிடுங்கிப் புதுக் கன்று நட்டார்கள். அந்தக் குழிகளை நானும் தோண்டினேன். முருகையா முதல் வருஷம் என்னிடம் இரண்டே சொல்தான் பேசினான், கறுப்பு, மஞ்சள். நான் மண்ணைக் கிளறி, வேரைச் சீவி, மருந்தில் முக்கி நீட்டுவேன். அவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொல்வான், எழுதுவான். இருபது செடிக்கும் இப்படித்தான். என்னிடம் வேலை கற்றவர்கள் பக்கத்து வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவமானத்தில் காது சுடும். இரண்டாம் வருஷம் ஒரு நாள் அவன் பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு மூடி தேநீர் ஊற்றினான். மூன்றாம் வருஷம் செல்வி எங்கள் வீட்டுக்குத் தீபாவளி முறுக்கு கொண்டுவந்தாள். மன்னித்தேன் என்று இருவரும் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குள் என்ன வளர்ந்தது என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் காட்ட முடியாது. ஒருவன் என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது முதலில் தண்டனையாக இருந்தது. போகப் போக அவன் இல்லாமல் மலையேறத்தான் பயமாக இருந்தது.

வேலையில் என் கடைசி வாரம். பதினொன்றாம் நம்பர் மலை கவ்வாத்துக்கு வந்திருந்தது. நான் வெட்டிவிட்டுப் போகப் போகிற கடைசி மலை என்று கோஷ்டியில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வெள்ளிக்கிழமை அங்கேயே படம் எடுப்பதாகவும் பேச்சு. அடிவாரமும் நடுமலையும் கறுப்பு. மேட்டுக்கு வந்தோம். மூடுபனி இறங்கியிருந்தது. முருகையா பத்து வரிசை தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டான். நான் தோண்டினேன், வெட்டினேன், கழுவினேன், முக்கினேன். ஐந்து நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தேன்.

"சொல்லுங்க அண்ணே, எழுதிக்கிறேன்," என்றான் முருகையா. தலையைத் தூக்கவில்லை.

ஆறு வருஷத்தில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தச் சொல்லுக்காகத்தானே இத்தனை நாள் ஏங்கினேன், நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். திக்கென்றது. கையில் இருந்த வேர் மஞ்சள். மஞ்சள் என்றால் மலைக்கு ஆறு வாரம் ஓய்வு, வெள்ளிக்கிழமை வெட்டு கிடையாது, நான் கத்தி வைக்காமலே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கறுப்பு என்ற சொல் என் வாய்க்குள் வந்து நின்றது. மோட்டார்மேல் உட்கார்ந்து கை நடுங்காமல் எழுதினானே ஒருவன், அவன் எங்கேயும் போகவில்லை, இத்தனை நாளும் உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். சத்தியமாகச் சொல்கிறேன், துரை முன்னால் நின்றபோதுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

வேரைப் பிடித்துக்கொண்டு பத்து வரிசையையும் தாண்டி அவனிடம் ஓடினேன். செடி கிழித்துக் கணுக்காலில் இரத்தம் வந்தது.

"இல்ல, நீ பாரு."

"எதுக்கு லா? நான் நம்புறேன்."

"நான் நம்பல. பாருடா."

என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான். வேரை வாங்கி, பனிக்குள் இருந்த கொஞ்ச வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"மஞ்சள்," என்றான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.